மொறிஸ் மைனரின் நடுமுள்ளும் பேசும் கார்களும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு, சாப்பாடு முடித்து ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சென்ற வாரம் தரம் 11 வகுப்பில் கைத்தொழிற் புரட்சி படிப்பித்துக்கொண்டிருந்தோம். நீராவி எஞ்சினில் தொடங்கிய பேச்சு எப்படியோ மோட்டார் காருக்கு வந்துவிட்டது. கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், காருக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு, பிறகு விசாரித்தோம். அவனுடைய மாமா கொழும்பிலிருந்து ஜப்பான் கார் ஒன்று எடுத்து வந்திருக்கிறார். ஸ்டார்ட் பண்ணினால் ஒரு பெண் குரல் ஏதோ சொல்கிறதாம். "சலாம் சொல்லுதாக்கும்" என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

அது சலாம் இல்லை. ஜப்பானில் அதிவேகப் பாதைக் கட்டணத்தை அறவிட காருக்குள் ஒரு அட்டை செருகுவார்கள். அதற்கு ஈ.டி.சி என்று பெயர். "ஈ.டி.சி அட்டை செருகப்படவில்லை" என்றுதான் அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் நம்மிடம் முறைப்படுகிறாள். பொத்துவிலில் அந்த அட்டைக்கு என்ன வேலை? ஆனாலும் அவள் சொல்வதை விடவில்லை. நம்மில் எத்தனை பேர் வருடக்கணக்காக அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கோமாரிக்கும் அக்கரைப்பற்றுக்கும் ஓடியிருக்கிறோம்!

பிள்ளையின் கேள்விக்கு வகுப்பில் ஒழுங்காகப் பதில் சொல்ல மணி அடித்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். அதற்கு நமது ஊர் நன்றாக அறிந்த ஒரு காரிலிருந்து தொடங்க வேண்டும். மொறிஸ் மைனர்.

மூத்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். ஹயருக்கு ஓடிய கார், மாப்பிள்ளை வந்த கார், இரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கார். இலங்கை முழுவதும் ஒஸ்டினும் மொறிஸும்தான் ஒரு காலத்தில் 'கார்' என்ற சொல்லுக்கு அர்த்தம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது புதுக் கார் கண்ணில் படவில்லை. இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அந்தத் திருத்தும் பழக்கம் எவ்வளவு ஆழமாகப் போனது என்றால், பின்னாளில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துக் கொடுத்த சார்ள்ஸ் வெயார் என்பவர் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து, அந்தக் காரின் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். செய்தவன் நாட்டுக்கு, அவன் செய்வதை நிறுத்திய சாமானை, நாம் செய்து அனுப்பினோம்.

இந்தக் காரின் கதை ஒக்ஸ்போர்ட் நகரில் ஒரு சைக்கிள் கடையில் தொடங்குகிறது. வில்லியம் மொறிஸ், 1877 இல் பிறந்தவர். பதினைந்து பதினாறு வயதில் சொற்ப முதலோடு சைக்கிள் திருத்தத் தொடங்கினார். அதன் பிறகு மோட்டார் சைக்கிள், அதன் பிறகு கராஜ். 1913 இல் சொந்தக் கார். ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கௌலி என்ற இடத்தில் தொழிற்சாலை. அவருடைய கராஜுக்குப் பெயர் 'மொறிஸ் கராஜஸ்'. அந்தக் கராஜில் 1921 இல் விற்பனைப் பொறுப்புக்கு வந்து அடுத்த வருடமே முகாமையாளரான சிசில் கிம்பர், சாதாரண மொறிஸ் கார்களுக்கு வேறு உடல் மாட்டி வேகமாக ஓடும் கார்களாக விற்றார். அவைதான் எம்ஜி. எம் என்றால் மொறிஸ், ஜி என்றால் கராஜஸ். இன்று எண்கோணத்துக்குள் எம்ஜி என்று எழுதிய கார்களை டிவி விளம்பரத்தில் பார்க்கும் நமது பிள்ளைகளுக்கு அது சீனக் கார் என்று தெரியும். ஒரு திருத்தகத்தின் பெயர்ப்பலகை என்று தெரியாது.

1948 இல் இலண்டன் மோட்டார் காட்சியில் மொறிஸ் மைனர் வந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இந்த மனிதரைப் பற்றி ஒரு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது 1906 இல், உஸ்மானியப் பேரரசின் ஸ்மிர்னா நகரில். இன்று துருக்கியின் இஸ்மிர். 1922 இல் அந்த நகரம் யுத்தத்தில் எரிந்தபோது குடும்பத்தோடு அகதியாக வெளியேறியவர். ஆங்கிலேயரின் ஊர்க் கார் என்று உலகம் கொண்டாடும் இரண்டு கார்களையும் வரைந்த கை அந்த அகதியின் கை.

மைனரை முதலில் பார்த்த மொறிஸ் (அப்போது அவர் நஃபீல்ட் பிரபு) அது தோல் நீக்கி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். அந்த முட்டைதான் 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தைத் தொட்டது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. எழுபதுகளின் தொடக்கத்தில் நிற்பாட்டியபோது மொத்தம் 16 இலட்சம் அளவு.

நாம் சொல்ல வருவது அந்தக் காரின் முன்பலகையைப் பற்றி. 1954 இலிருந்து வந்த மைனர்களில் வேகமானி சாரதிக்கு நேரே இல்லை. பலகையின் நட்டநடுவில், பெரிய வட்டமாக, ஒரே ஒரு மணிக்கூடு மாதிரி இருந்தது. வேகம் காட்டும் முள், பெற்றோல் காட்டும் முள், எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு சிறு விளக்கு, மின்னேற்றத்துக்கு ஒரு விளக்கு. அவ்வளவுதான். நடுவில் வைத்தால் வலக்கைப் பக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டுக்கும் இடக்கைப் பக்கம் உள்ள நாட்டுக்கும் ஒரே பலகை போதும். கணக்கான ஆளின் யோசனை. ஆனால் அதனால் இன்னொன்றும் நடந்தது. சாரதிக்குத் தெரிவது பக்கத்தில் இருப்பவருக்கும் பின்னால் நெருங்கி இருக்கும் ஐந்தாறு பேருக்கும் தெரிந்தது. "என்ன காக்கா, அறுபதுக்குப் போறீங்க, மெதுவாப் போங்க" என்று பின் ஆசனத்திலிருந்து மூத்தம்மாமார் சொல்ல முடிந்தது அந்த நடுமுள்ளினால்தான். அந்த முள்ளுக்கு மொழி இல்லை. எழுத வாசிக்கத் தெரியாத சாரதியும் அதைப் படித்தார்.

மொழி வேண்டாத வாகனத்தில் மொழியை ஒட்டியது யார் என்பது வேறு கதை. 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அதற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசினார்கள், தென்பகுதியில் பழிக்குப் பழியாகத் தமிழ் எழுத்துக்கள் மீது தார் பூசினார்கள், 1958 இல் அது எங்கே போய் முடிந்தது என்று வரலாறு படித்த எல்லோருக்கும் தெரியும். ஒரு காரில் இருக்கும் ஒரே ஒரு எழுத்து, அதை ஓட்டுபவன் இந்த நாட்டில் யார் என்ற கேள்வியாகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று காருக்குள் ஓர் எழுத்து இல்லை, ஆயிரக்கணக்கான எழுத்துக்கள் இருக்கின்றன.

இசிகோனிஸ் அடுத்ததாக 1959 ஓகஸ்டில் 'மினி'யைக் கொண்டுவந்தார். 1956 சுயெஸ் கால்வாய் நெருக்கடியில் எகிப்தின் ஜனாதிபதி நாசர் கால்வாயைத் தேசியமயமாக்க, இங்கிலாந்தும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுக்க, பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த பெற்றோலில் ஓடும் சின்னக் கார் வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்தது மினி. அதிலும் வேகமானி நடுவில்தான். இசிகோனிஸுக்குக் காரில் வானொலி இருப்பதே பிடிக்காது என்பார்கள். ஓட்டுபவனின் கவனம் ஓட்டுவதில் இருக்க வேண்டும், ஆசனம்கூட அதிகம் சொகுசாக இருக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஹயருக்கு ஓடுகிற நமது சாரதிகள் இதைக் கேட்டால் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

பிறகு நடந்தது பெரிய குடும்பத்தில் சொத்துப் பிரிந்த கதை. மொறிஸும் ஒஸ்டினும் 1952 இல் ஒன்றாகின. 1968 இல் பிரிட்டிஷ் லேலண்ட். நட்டம், வேலைநிறுத்தம், அரசு பொறுப்பேற்றல், தனியார்மயம், றோவர் என்று பெயர் மாற்றம். 1980 இல் அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலை மூடப்பட்டது. 1994 இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ முழுவதையும் வாங்கியது. 2000 இல் தாங்க முடியாமல் மற்றதை எல்லாம் கைவிட்டு மினியை மட்டும் வைத்துக்கொண்டது. எம்ஜியும் றோவரும் வெறும் 10 பவுணுக்கு ஒரு கூட்டுக் கம்பனியிடம் போய், 2005 ஏப்ரலில் முறிந்தன. லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஆறாயிரம் பேர் அளவில் வேலை இழந்தார்கள். சீனாவின் நாஞ்சிங் கம்பனி அதே வருடம் மிச்சத்தை வாங்கியது. 2007 இல் நாஞ்சிங் ஷாங்காயின் சாயிக் கம்பனியோடு சேர்ந்தது.

இப்படியாக, ஒரே சைக்கிள் கடையின் இரண்டு பிள்ளைகள் இரண்டு நாட்டாரிடம் வளர்ந்தன. மினி ஜேர்மன்காரரிடம். எம்ஜி சீனரிடம். (மூன்றாவது ஒன்றும் உண்டு. மொறிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் அச்சுக்களை வாங்கி இந்தியா செய்த அம்பாசடர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்கள். 2017 இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்சின் பேஜோ கம்பனிக்கு 80 கோடி இந்திய ரூபாய்க்கு விற்றார்கள். காரே இல்லாத வெறும் பெயருக்கு அந்த விலை.)

பழைய பெயரை வாங்கியவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பெயருக்காகத்தான் சனம் வருகிறது. ஆனால் உள்ளே ஏறினால் இன்றைய சனத்துக்குத் திரை வேண்டும், வரைபடம் வேண்டும், போன் இணைய வேண்டும். பழைய காரில் இவற்றில் ஒன்றும் இல்லை. அப்படியானால் இல்லாத ஒன்றை, பழையது போல எப்படிச் செய்வது? மொறிஸின் இரண்டு பிள்ளைகளும் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள்.

மினி சொன்ன பதில் வட்டம். 2001 இல் கௌலியிலேயே, ஆம், அதே மொறிஸின் கௌலியிலேயே, பி.எம்.டபிள்யூ புதிய மினியைச் செய்தபோது நடுவில் பெரிய வட்ட வேகமானியை வைத்தார்கள். 2014 அளவில் வந்த அடுத்த தலைமுறையில் வேகமானி ஸ்டியரிங்கிற்குப் பின்னால் போய்விட்டது. நடுவில் இருந்த வட்டம் போகவில்லை. அதற்குள் சதுரத் திரை ஒன்றைச் செருகி, சுற்றிவர விளக்கு வளையம் போட்டார்கள். சதுரத்தை வட்டத்துக்குள் வைத்தது கொஞ்சம் அலங்கோலம்தான். பிறகு 2023 இல் காட்டிய மினியில் அந்தக் குறையும் தீர்ந்தது. 24 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முழு வட்டத் திரை. ஓலெட் என்ற வகை, செய்து கொடுத்தது கொரியாவின் சாம்சங். சாரதிக்கு முன்னால் வேறு மானி எதுவும் இல்லை. வேகம், வரைபடம், பாட்டு, குளிர் எல்லாம் நடு வட்டத்தில். 1954 மைனருக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்!

அது மட்டுமல்ல. 'டைம்லெஸ்' என்று ஒரு நிலை இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் திரை பழைய மினியின் வேகமானியைப் போலத் தோன்றும், ஒலியும் பழைய நாளை நினைவூட்டும். திரைக்குக் கீழே சில விசைகளை விரலால் தட்டும்படி விட்டிருக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்குத் திறப்பைத் திருப்புவது போலத் திருப்பும் ஒரு குமிழ், உள்ளே திறப்பே இல்லாவிட்டாலும். "ஹே மினி" என்று கூப்பிட்டால் பேசும் உதவியாளும் உண்டு. ஸ்பைக் என்ற நாய்க்குட்டி உருவமாகவும் அது திரையில் வரும். காரை நிறுத்தி வைத்திருக்கும்போது அந்தத் திரையில் கேமும் விளையாடலாம். வானொலியே வேண்டாம் என்ற மனிதரின் கார்!

எம்ஜி சொன்ன பதில் வேறு. பழைய எம்ஜியில் என்ன இருந்தது என்று அவர்கள் அதிகம் பார்க்கவில்லை. எண்கோணத்தை முகப்பில் வைத்தார்கள், உள்ளே கைத்தொலைபேசிக் காலத்துக் காரை வைத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன குஜராத் ஹாலோல் தொழிற்சாலையை 2017 இல் எடுத்து, 2019 ஜூனில் 'ஹெக்டர்' என்ற காரை இந்தியாவில் வெளியிட்டார்கள். அதன் பக்கத்தில் 'இன்டர்நெட் இன்சைட்' என்றே ஒரு தகடு அடித்திருந்தது. உள்ளே நெட்டுக்குத்தாக 10.4 அங்குலத் திரை. காருக்கென்று சொந்த சிம். நூற்றுக்கும் மேற்பட்ட குரல் கட்டளைகள். இந்தியர்களின் ஆங்கில உச்சரிப்புக்குப் பழக்கப்படுத்திய குரல். 2021 இல் ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்த ஹிங்லிஷ் கட்டளைகளையும் சேர்த்தார்கள். "எஃப்எம் சலாவோ" என்றால் வானொலி பாடும். அதே வருடம் வந்த 'அஸ்டர்' காரில் முன்பலகைக்கு மேல் ஒரு சின்ன ரொபோ பொம்மைத் தலையே முளைத்தது. யார் பேசுகிறாரோ அவர் பக்கம் தலையைத் திருப்பும். அதற்கு குரல் கொடுத்தவர் தீபா மலிக், 2016 பராலிம்பிக்கில் குண்டெறிதலில் வெள்ளிப் பதக்கம் வென்ற வீராங்கனை. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே நாட்டை வலம் வந்த ஒரு பெண்ணின் குரல் காருக்குள் வழி சொல்வது அழகான தெரிவு என்று நமக்குப் படுகிறது.

இரண்டில் எது பெயருக்கு உண்மையானது? ஆசிரியர் என்ற முறையில் நாம் மினிக்குத்தான் கூடப் புள்ளி போடுவோம். பழையதைப் பார்த்து எழுதியிருக்கிறது, பார்த்தெழுதியது தெரிகிறது, ஆனால் கேள்வியை விளங்கி எழுதியிருக்கிறது. எம்ஜிக்காரரின் விடைத்தாளில் தலைப்பு மட்டும் பழையது. ஆனாலும் ஒரு விடயத்தில் எம்ஜி முந்திவிட்டது. மினியின் வட்டம் பழைய ஆங்கிலேயரின் ஞாபகத்தோடு பேசுகிறது. ஹெக்டரின் திரை, வாங்கப்போகும் மனிதன் எந்தப் பாஷை பேசுவான், எப்படிக் கலந்து பேசுவான் என்று கேட்டது. வீட்டில் பேசுகிற கலப்புப் பேச்சைக் கார் கேட்டால் போதும் என்று நினைத்தது. இந்தியாவின் பெரிய சந்தைக்காகச் செய்த வேலைதான், நன்மைக்காக அல்ல. என்றாலும் செய்தார்கள்.

திரைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2022 இல் சுவீடனின் 'வி பீலேகரே' என்ற மோட்டார் சஞ்சிகை ஒரு பரீட்சை வைத்தது. 11 புதுக் கார்களையும், பொத்தான்கள் மட்டும் உள்ள 2005 ஆம் ஆண்டின் பழைய வொல்வோ ஒன்றையும் விமான ஓடுபாதையில் 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். ஓடிக்கொண்டே வானொலியை மாற்ற வேண்டும், வெப்பநிலையைக் கூட்ட வேண்டும், இப்படி நான்கு வேலைகள். பழைய வொல்வோவில் 10 விநாடியில் முடிந்தது, அதற்குள் கார் 306 மீற்றர் ஓடியிருந்தது. கடைசி இடம் எம்ஜியின் 'மார்வல் ஆர்' காருக்கு. ஏறக்குறைய 45 விநாடி, 1,372 மீற்றர். பொத்துவிலிலிருந்து உல்லைக்குப் போகும் பாதையில் ஏறத்தாழப் பாதி. நமது வீதியில் 70 கிலோமீற்றர் வேகம் என்று வைத்துப் பிள்ளைகள் கணக்குச் செய்து பாருங்கள், 45 விநாடிக்கு 875 மீற்றர் வரும். இரவில் சியம்பலாண்டுவை தாண்டி லாகுகல காட்டுக்குள் யானை நிற்கும் வளைவுகளில் 875 மீற்றர் திரையைப் பார்த்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை கொழும்புக்கு ஹயர் ஓடுகிற தம்பிமாரிடம் கேளுங்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி வருகிற அவர்கள் அந்த இடத்தில் பாட்டைக்கூட நிற்பாட்டி விடுகிறார்கள்.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்குப் புள்ளி போடும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் ஹோர்ன், வைப்பர், திரும்பும் சைகை போன்ற அடிப்படையானவற்றுக்குக் கையால் தொட்டுணரும் பொத்தானோ விசையோ இல்லாவிட்டால் முழுப் புள்ளி கிடைக்காது என்று சொல்லிவிட்டது. சுற்றி வளைத்து மொறிஸ் காலத்துக் குமிழுக்கே வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். றோயல் என்ஃபீல்ட். அதுவும் இங்கிலாந்தின் பழைய பெயர், ரெடிச் என்ற ஊர்க் கம்பனி. 1955 இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களோடு கூட்டுச் சேர்ந்து, பிறகு திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் எழுபதோடு மூடிவிட்டார்கள், சென்னையில் மூடவில்லை. பெயர் சொந்த ஊரில் செத்து, திருவொற்றியூரில் பிழைத்தது. 2020 நவம்பரில் 'மீட்டியோர்' என்ற சைக்கிளில் அவர்கள் வைத்த திரை 'ட்ரிப்பர்'. வேகமானிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். போனோடு இணைந்து கூகுள் வரைபடத்திலிருந்து அடுத்த திருப்பத்துக்கு ஒரு அம்புக்குறியும் தூரமும் மட்டும் காட்டும். முழு வரைபடம் இல்லை, பேச்சு இல்லை, நாய்க்குட்டி இல்லை. பிறகு 2023 இல் ஹிமாலயனுக்கு 4 அங்குல வட்டத் திரையில் முழு வரைபடமும் வந்தது. ஆனால் நமக்குப் பிடித்தது முதலாவதுதான். பழைய சைக்கிளின் முகத்தைக் கெடுக்காமல், இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்கு எது தேவையோ அதை மட்டும் சொல்கிறது. வட்டத்துக்குள் ஒரு முள் இருந்த இடத்தில் ஓர் அம்பு. அதற்கும் மொழி இல்லை.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். நமக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் எட்டாத தூரம் என்று நினைக்கலாம். நமக்கு வருவது ஜப்பான்காரர் பாவித்துவிட்ட கார்கள். அவற்றின் வரைபடம் ஜப்பானின் வரைபடம். பாணமைக்குப் போகும் வழியில் திரையைப் பார்த்தால் நாம் நடுக்கடலில் நிற்போம், அல்லது ஒன்றும் இராது. பழைய கார்களின் வானொலி 76 இல் தொடங்கி 90 இல் முடியும், ஏனென்றால் அவை செய்த காலத்தில் ஜப்பானின் அலைவரிசை அப்படி இருந்தது. நாம் கேட்கும் அலைவரிசைகளில் பெரும்பகுதி 90 க்கு மேலே. அதற்காக ஒரு சின்னப் பெட்டி வாங்கி மாட்ட வேண்டும். நோன்பு காலத்தில் மஃரிபுடைய அதான் கேட்பதற்காகவே அந்தப் பெட்டியை மாட்டியவர்களை நமக்குத் தெரியும்.

இதெல்லாம் சிரிப்புக்குரியவை. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. நமது உறவுக்காரர் ஒருவர் ஹைபிரிட் கார் ஒன்று வைத்திருந்தார். திரையில் ஜப்பானிய எழுத்தில் ஒரு வாசகம் வரத் தொடங்கியது. ஈ.டி.சி மாதிரி அதுவும் ஏதோ புலம்பல் என்று விட்டுவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் ஓடினார். மொனராகலைக்குப் போகும் வழியில் கார் நின்றது. பற்றரிக்குக் காற்றுப் போகும் வடி அடைபட்டு, பற்றரி சூடாகிக்கொண்டிருக்கிறது, பார்க்கவும் என்பதுதான் அந்த வாசகம். பத்து நிமிடத்தில் தூசு தட்டிச் சரிப்படுத்தியிருக்கக் கூடிய வேலை. புதுப் பற்றரிக்கு அவர் கொடுத்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். மொறிஸின் எண்ணெய் விளக்கு எரிந்திருந்தால் அவருடைய வாப்பா அந்த இடத்திலேயே நிற்பாட்டியிருப்பார். விளக்குக்குப் பயப்படத் தெரிந்தவரின் மகன், எழுத்தைப் பார்த்துப் பழகிப்போனார்.

2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். இப்போது ஜப்பான் மட்டுமல்ல, சீனக் கார்களும் வருகின்றன. எல்லாவற்றிலும் திரை. அந்தத் திரைகளில் வேண்டிய மொழியைத் தெரிவு செய்யலாம். பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர் நம்மில் எத்தனை பேர்? கதவின் எண்ணிக்கை, எஞ்சின் கொள்ளளவு, விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று மூன்று நாள் விசாரிக்கிறோம். "இது எச்சரிக்கை சொன்னால் எனக்கு விளங்குமா?" என்று கேட்பதில்லை. கேட்டால்தானே விற்பவன் மேலே சொல்வான், மேலே உள்ளவன் செய்பவனிடம் சொல்வான். ஹிங்லிஷ் அப்படித்தான் காருக்குள் வந்தது.

போனில் கூகுள் வரைபடம் தமிழில் வழி சொல்கிறது, அது பெரிய விடயம். ஆனால் அது சொல்லும் தமிழ் "முந்நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்ற தமிழ். நாம் அப்படியா வழி சொல்கிறோம்? ஆஸ்பத்திரியடியால் வந்து, பள்ளியடியில் சோத்துக்கைப் பக்கம் திரும்பி, ஒரு கடை வரும், அங்க கேளுங்க என்போம். மீற்றர் கணக்கில் வழி சொன்ன ஒருவரை இந்த ஊரில் நாம் இன்னும் காணவில்லை. இதை எழுதும்போது நமது வகுப்பில் உள்ள நாலைந்து பிள்ளைகளின் முகம் ஞாபகம் வருகிறது. கணினிப் பாடத்தில் கெட்டிக்காரர்கள், சித்திரத்திலும் கெட்டிக்காரர்கள். இரண்டையும் சேர்த்து ஒரு தொழில் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. திரையில் எது பெரிதாக இருக்க வேண்டும், எது சிறிதாக, எந்தச் செய்தியை எந்தச் சொல்லில், ஓட்டுகிறவனின் கண்ணை எத்தனை விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது என்று யோசிப்பதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள். டொக்டர், எஞ்சினியர், இல்லாவிட்டால் கட்டார் என்பதற்கு இடையில் இதுவும் இருக்கிறது.

பிள்ளையின் கேள்விக்கு இன்று பதில் சொன்னோம்: உன் மாமாவின் காருக்குத் தமிழ் தெரியாது மகன், அதைச் செய்தவர்கள் உன் மாமாவை நினைத்துச் செய்யவில்லை. அவன் விடவில்லை. "அப்ப மொறிஸ் காருக்கு?" என்றான். அதற்கு எந்தப் பாஷையும் தெரியாது, அதனால் எல்லோரோடும் பேசியது என்றோம். விளங்கியதோ என்னவோ, தலையை ஆட்டினான்.

அடுத்த கிழமை பிள்ளைகள் ஆளுக்கொரு முன்பலகை வரைந்து வரப்போகிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: வாசிக்கத் தெரியாத மூத்தம்மா பின் ஆசனத்தில் இருந்து பார்த்தாலும் விளங்க வேண்டும். அவர்களுக்குக் காட்டுவதற்காக, நமது ஊரில் ஓடிய மொறிஸ், ஒஸ்டின் கார்களின் பழைய படங்கள் யாரிடமாவது இருந்தால், முன்பலகை தெரியும் படமாக இருந்தால் இன்னும் நல்லது, பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். படி எடுத்துவிட்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் வாப்பாவின் பெட்டியடியில் பழைய வேகமானி ஏதும் கிடந்தால் அதையும் கொண்டுவாருங்கள். கழற்றிப் பார்க்க பிள்ளைகள் நிற்கிறார்கள்.